வன்னியில் ஒரு மடிக்கணினியின் பெறுமதி

மடிக்கணினி வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைப்பது ஆலோசனையாக இராது. தேர்தல் பிரசாரமாக இருக்கும். அப்பிள் கட்சியினர் அதன் அழகையும் பற்றரியின் ஆயுளையும் பாடுவார்கள். விண்டோஸ் கட்சியினர், உலகில் பெரும்பாலானோர் பாவிப்பதை விட்டு வேறெங்கு போகப் போகிறீர்கள் என்பார்கள். லினக்ஸ் கட்சியினர் எண்ணிக்கையில் சிறுபான்மையினர், குரலில் அப்படியல்லர். டெல்லா, எச்பியா, லெனோவோவா, ஏசரா என்பதெல்லாம் உட்கட்சிப் பூசல்.

செய்தித்தாள் தொழிலில் தட்டச்சுப் பொறி தொடங்கி மடிக்கணினி வரை எல்லாவற்றிலும் எழுதி வந்தவன் என்பதால், என்னிடமும் இக்கேள்வி அடிக்கடி வருகிறது. அதிலும் வெளிநாட்டில் இருந்துகொண்டு வன்னியில் உள்ள உறவுப் பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுக்க விரும்புவோரே அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் வாசித்துவிட்டு வரும் ஒப்பீட்டுக் கட்டுரைகள் யாவும் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள ஒரு மேசையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த மேசைக்கு அருகில் மின்சாரம் தடையின்றி வருகிறது. பழுதானால் உற்பத்தியாளரின் திருத்தகம் அதே நகரில் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தால் புதியது கிடைத்துவிடுகிறது.

வன்னியில் அளவுகோல் வேறு. அங்கு முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும்? பழுதானால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அதைத் திறந்து திருத்தத் தெரிந்த கை உண்டா? பிள்ளைக்குத் தேவையான வேலையை அது செய்யுமா? உள்ளே சேர்த்து வைத்ததை வேறொரு கணினிக்குச் சேதமின்றி எடுத்துச் செல்லலாமா? விலை என்பது ஐந்தாவது கேள்வி. முதல் நான்குக்கும் விடை தெரியாதவருக்கு, எது மலிவு எது விலைகூடியது என்று சொல்ல வழியில்லை.

வன்னி மக்கள் பொருள்களை இப்படி அளக்கப் பழகியது கணினி வருவதற்கு முன்பே. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. எரிபொருள், சீமெந்து, உரம், வானொலிக்கான பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில் இருந்தன. செய்தி கேட்பதற்காக மிதிவண்டியின் டைனமோவில் மின்சாரம் எடுத்தார்கள்; ஒருவர் மிதிக்க மற்றவர்கள் வானொலியைச் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். பெற்றோலில் ஓடவேண்டிய மோட்டார் சைக்கிள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. வானொலிப் பெட்டியை யார் செய்தார்கள் என்பது அக்காலத்தில் பெரிய விடயமாக இருக்கவில்லை. ஏறியிறங்கும் டைனமோ மின்னைத் தாங்குமா, உடைந்தால் ஊரில் யாராவது பற்றவைத்துத் தருவாரா என்பதே விடயம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏ9 வீதி திறந்தபின், கணினிகள் வன்னிக்குள் எண்ணிக்கையாக வரத் தொடங்கின. நான் வவுனியாவிலிருந்து செய்தி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கொழும்பு விலையோடு லொறிக் கூலியும், ஓமந்தைக்கு அப்பால் விடுதலைப் புலிகள் அறவிட்ட வரியும் சேர்ந்தபின்பே ஒரு பொருளின் கிளிநொச்சி விலை தெரியவரும். விலை தெரிந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. தேசிய மின்வலையமைப்பு அப்போது கிளிநொச்சிக்கு வந்திருக்கவில்லை. மின்பிறப்பாக்கியும் பற்றரியும்தான் துணை.

அந்தக் கணக்கைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 12 வோல்ற், 100 அம்பியர்மணி கொண்ட ஒரு வாகனப் பற்றரியில் ஏறத்தாழ 1,200 வாட்மணி மின்சக்தி உண்டு. பற்றரி கெடாமல் இருக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம்; 600 வாட்மணி. கண்ணாடிக்குழாய்த் திரை கொண்ட அக்கால மேசைக்கணினிக்கு 200 வாட் வரை வேண்டும். ஆகவே மூன்று மணிநேரம். மடிக்கணினிக்கு 40 வாட் போதும், பதினைந்து மணிநேரம். இடையில் உள்ள இன்வேட்டர் தின்பதைக் கழித்தாலும் விகிதம் மாறாது. மேசைக்கணினியைவிட மடிக்கணினி அன்று பல மடங்கு விலை. ஆயினும் மண்ணெண்ணெயும் பெற்றோலும் ஊற்றி மின்சாரம் எடுத்தவர்களுக்கு அந்த வித்தியாசம் சில ஆண்டுகளில் ஈடாகிவிடக்கூடியது. கடைக்காரர் சொல்லும் விலையும் பாவிப்பவர் கொடுக்கும் விலையும் ஒன்றல்ல என்பதை நான் கற்றது அங்குதான்.

மின்சாரம் இன்று வன்னிக்கு வந்துவிட்டது. போர் முடிந்தபின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு உயர்அழுத்த மின்வழி மீண்டும் அமைக்கப்பட்டது; 2010களில் வீடுகளுக்கும் வெளிச்சம் வந்தது. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது, கொழும்பில் இருந்தவர்கள் முதன்முறையாகக் கேட்ட கேள்வியை வன்னியில் இருந்தவர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுப் பதிலும் கண்டிருந்தார்கள்.

இனி இயங்குதளத்துக்கு வருவோம். எங்கள் தொழிலில் விண்டோஸ் எப்படி நிலைகொண்டது என்பதைச் சொன்னால் விடயம் விளங்கும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் 1985இல் அப்பிளின் மெக்கின்டோஷ் கணினிக்காகவே பிறந்தது. உலகின் பெரும் பத்திரிகைகள் பல மெக்கின்டோஷிலேயே பக்கம் கட்டின. எங்கள் பக்கத்துச் சிறிய பத்திரிகைக் காரியாலயங்களிலோ விண்டோஸ் 98தான். காரணம் அதன் தரமல்ல. பாகங்களை வாங்கி உள்ளூரிலேயே பொருத்திய கணினியில் அது ஓடியது. இறுவட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு இலவசமாகவோ சில நூறு ரூபாவுக்கோ மாறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈழத்தவர்களுக்குக் கைவந்த பாமினி எழுத்துரு அதில் இருந்தது. பாமினியில் விரல் பழகிய அச்சுக்கோப்பாளரிடம் போய், இதைவிடச் சிறந்த இயங்குதளம் உண்டு என்று சொல்வது, வலக்கையால் எழுதுபவரிடம் இடக்கை அழகானது என்று சொல்வதைப் போன்றது.

களவுப் பிரதியின் விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையின் புலமைச்சொத்துச் சட்டம் 2003இல் வந்தது. அதன்படி அது குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது இலவசமாக இருந்ததில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் ஒழுங்காகச் சேராத கணினிகளில் வைரசு குடிபுகுந்தது. தகவல் கோலைச் செருகினால் கோப்புகள் மறைந்துபோகும். மறுநாள் கணினியைத் துடைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றவேண்டும். அச்சுக்குப் போகவேண்டிய இரவில் இப்படி நடந்தால் அதன் விலையை எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதமுடியாது.

அதே ஆண்டுகளில் உபுண்டு என்ற லினக்ஸ் வடிவம் 2004இல் வெளிவந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் இறுவட்டைத் தபாற்செலவும் வாங்காமல் உலகின் எந்த மூலைக்கும் அனுப்பினார்கள். 2011 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. சுனாமிக்குப் பிறகு, 2005இல், இலங்கையின் மென்பொருள் வல்லுநர்களே சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளைத் திறந்த மூலமாக உருவாக்கி, அது பின்னர் பல நாடுகளில் பாவிக்கப்பட்டது. அறிவு இந்நாட்டிலேயே இருந்தது. ஆனாலும் லினக்ஸ் எங்கள் பக்கம் வேர்பிடிக்கவில்லை. இறுவட்டு இலவசமாக வந்தது. அதைப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கும் ஆள் வரவில்லை. கேரளத்தைப் பாருங்கள்: அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பாடநூலும் சேர்த்தே கொடுத்தார்கள். அதனால் நிலைத்தது.

இந்தப் பின்னணியோடுதான் அண்மையில் வந்த ஒரு கேள்வியை அணுகினேன். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பது வாசகர்கள் அறிந்ததே. தாய் தனித்து வளர்த்த பிள்ளை. ரொறன்ரோவில் இருக்கும் மாமன், இரவு வேலை செய்து ஒதுக்கிய 1,500 கனேடிய டொலரோடு என்னை அழைத்தார்.

“அண்ணை, விலை பிரச்சினையில்லை. பிள்ளை முதன்முதலாக் கம்பஸுக்குப் போறாள். அப்பிள் வாங்கி அனுப்பலாமெண்டு இருக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

அவருடைய எண்ணத்தில் பிழையில்லை. அப்பிள் 2020 நவம்பரில் தானே வடிவமைத்த எம்1 சில்லுடன் வெளியிட்ட மக்புக் எயர், வன்னிக்கென்றே செய்ததோ என்று எண்ணத்தக்க குணங்களைக் கொண்டது. அதில் காற்றாடி இல்லை. கிளிநொச்சிப் புழுதி மடிக்கணினிகளின் காற்றாடியை அடைத்து, உள்ளே வெப்பமேற்றி, உயிரெடுப்பதை அங்குள்ள எந்தத் திருத்துநரும் சொல்வார். அதன் பற்றரி 50 வாட்மணிக்கும் ஒரு துளி குறைவு. ஆனால் சில்லு குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால் சாதாரண எழுத்து வேலைக்கு ஒரு முழுநாள் தாங்கும். தமிழைப் பொறுத்தவரையிலும் அப்பிள் பின்தங்கியதில்லை. முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் 2000களிலேயே அதனோடு வந்தன. மைக்ரோசொப்ட் அவ்விரு விசைப்பலகைகளை விண்டோஸ் 10இல் சேர்த்தது 2019இல்தான்.

ஆயினும் இரண்டு கேள்விகளில் அது தடுக்கி விழுந்தது. முதலாவது, வேலை. சொலிட்வேர்க்ஸ் போன்ற பொறியியல் வரைபு மென்பொருள்கள் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. ஓட்டோகாட்டுக்கு அப்பிள் வடிவம் உண்டு. விண்டோஸ் வடிவத்தின் எல்லா வசதிகளும் அதில் இல்லை. பழைய இன்ரெல் சில்லு மக்புக்குகளில் விண்டோஸை நேரடியாக நிறுவ அப்பிளே வழிவைத்திருந்தது. புதிய சில்லுகளில் அந்த வழி மூடப்பட்டது. இந்தப் பிள்ளை கலைப்பீடத்துக்கோ, எங்கள் தொழிலுக்கோ போவதாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது, திருத்தும் கை. வவுனியாவில் எனக்குப் பழக்கமான திருத்துநர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். மேசையில் திறந்து கிடந்த இரண்டு கணினிகளைக் காட்டினார். “ஐயா, இதிலை நினைவகத்தைக் கழட்டிப் புதுசு போடலாம், வன்தட்டை மாத்தலாம். மற்றதைப் பாருங்கோ, எல்லாம் பலகையோடை ஒட்டிக் கிடக்கு. ஒண்டு போனா எல்லாம் போச்சு. கொழும்புக்குத்தான் அனுப்பவேணும்.” மெல்லிய, அழகிய கணினிகள் பலவும் இன்று இந்த வழியில்தான் போகின்றன, அப்பிள் அதில் முன்னோடி. விண்டோஸ் மடிக்கணினிகளிலும் அப்படிப்பட்டவை ஏராளம் உண்டு. ஆகவே வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, நினைவகமும் சேமிப்பகமும் கழற்றக்கூடியவையா என்பதே.

பெயர்களைப் பற்றி ஒரு விளக்கம் இங்கு தேவை. உலகின் பெரும்பாலான மடிக்கணினிகளைக் குவாண்டா, கொம்பால், விஸ்ட்ரொன் போன்ற தாய்வான் நிறுவனங்கள் தயாரித்துக் கொடுக்கின்றன; மூடியில் உள்ள பெயர் பிறகு வருவது. நாம் பெரிதாகப் பேசிய பெயர்கள் பல இன்று எங்கே? கொம்பாக் 2002இல் எச்பியுடன் கலந்தது. ஐபிஎம் தன் கணினிப் பிரிவை 2005இல் லெனோவோவிடம் கொடுத்தது. சோனி 2014இல் வயோவை விற்றது. மடிக்கணினிக்கே ஒருகாலத்தில் மறுபெயராக இருந்த தோஷிபா 2018இல் தன் கணினித் தொழிலின் பெரும்பங்கை ஷார்ப்புக்கு விற்றது. ஆகையால் நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே நிறுவனத்தின் இரு வரிசைகளுக்கிடையே உள்ள வேறுபாடு பெரியது. லெனோவோவின் திங்க்பாட், டெல்லின் லாற்றிடியூட், எச்பியின் எலைற்புக் என்பவை காரியாலயங்களுக்காகச் செய்யப்பட்டவை. கூடிய உறுதி, திறக்கத் தோதான அடிப்பாகம், சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் உதிரிப்பாகம் ஆகியவை அவற்றின் இயல்பு. அதே பெயர்களில் வரும் மலிவு வரிசையில் கீல் உடைந்து மூடி கழன்று வந்தவற்றைத் திருத்தகங்களில் நிறையக் காணலாம்.

இனிக் கணக்கு. மாமனின் 1,500 கனேடிய டொலர், மூன்று இலட்சம் ரூபாவுக்கு மேல். அப்பிள் எட்டு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 ரூபா. புதிய விண்டோஸ் மடிக்கணினி ஒன்று ஒன்றேமுக்கால் இலட்சத்துக்கு வாங்கி ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 35,000. காரியாலயத்தில் பாவித்துக் கழித்த கணினியை அறுபதாயிரத்துக்கு வாங்கி மூன்றாண்டு ஓட்டினால் ஆண்டுக்கு 20,000. இவை மாதிரிக் கணக்குகள்தாம். ஆனால் ஒன்றைக் காட்டுகின்றன. அப்பிள் விலைகூடியது என்று சும்மா சொல்லிவிட முடியாது. நீண்டகாலம் உழைத்தால் புதிய விண்டோஸ் கணினிக்கு அருகில் வந்துவிடுகிறது. சிக்கல் அந்த ‘உழைத்தால்’ என்ற சொல்லில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் தேநீர் கொட்டினால், விடுதியில் களவு போனால், ஐப்பசி மின்னலில் பலகை கருகினால், முழுப்பணமும் ஒரே நாளில் போய்விடுகிறது. மழையை நம்பி மானாவாரி விதைக்கும் வன்னி விவசாயி கூட விதைநெல் முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடமாட்டார்.

தாயார் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். “அண்ணை, அந்தக் காசுக்கு நல்ல கறவைமாடு கன்றோடை வாங்கலாம். பிள்ளைக்குத்தானே, வாங்கட்டும். ஆனா அது பழுதாப்போனா, களவு போனா, தம்பிக்கு நான் என்ன முகத்தோடை சொல்லுறது?” இரவு வேலை செய்து ஒருவர் அனுப்பும் பொருள், வாங்குபவரின் மேசையில் பாரமாக அமர்கிறது. பயந்து பயந்து பாவிக்கும் கணினியால் படிப்பு நடவாது. பெட்டியில் பத்திரமாக வைக்கப்பட்ட வெளிநாட்டுப் பொருள்களை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்!

மாணவி கேட்டது ஒரேயொரு கேள்வி. “ஐயா, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் இது நிண்டு பிடிக்குமோ?” நான் வாசித்த எந்த ஒப்பீட்டுக் கட்டுரையும் இந்தக் கேள்வியில் தொடங்கவில்லை. நான்கு ஆண்டுகள், இறுதி ஆண்டின் ஆய்வறிக்கை கையளிக்கும் நாள் வரை, என்பதே அவளுடைய அளவுகோல்.

என் பரிந்துரை இதுதான். கனடாவில் வாங்கி அனுப்பவேண்டாம். இலங்கை உத்தரவாதத்தோடு, காரியாலய வரிசையில் அல்லது அதற்கு அடுத்த நிலையில், நினைவகம் கழற்றக்கூடிய புதிய விண்டோஸ் மடிக்கணினியை இங்கேயே வாங்கலாம். பெற்ற விண்டோஸ் உரிமம் கணினியோடு வருவதாக இருக்கட்டும். தனியாக வாங்கினால் விண்டோஸ் 11இன் வீட்டு வடிவத்துக்கு அமெரிக்காவில் 139 டொலர். மிகுதிப் பணத்தில் ஒரு வெளிவன்தட்டும், மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் செருகுபலகையும் வாங்கவேண்டும். ஒரு தொகையைத் திருத்தச் செலவுக்கென வங்கியில் போட்டுவைக்கவேண்டும். அதற்குப் பிறகும் எஞ்சியதில், உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் தம்பிக்குக் கழித்த காரியாலயக் கணினி ஒன்றை வாங்கி லினக்ஸ் ஏற்றிக் கொடுக்கலாம். பைதன் நிரல்மொழி பழக அது தாராளம். ஒருவருடையது திருத்தத்துக்குப் போனால் மற்றவருடையது வீட்டில் இருக்கும். மாமன் முதலில் சற்று மனம் சுருங்கினார். தான் அனுப்பும் பொருளில் தன் அன்பு தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே. இரண்டு பிள்ளைகளுக்கும் ஆயிற்று என்றவுடன் சம்மதித்தார்.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து பாடசாலைகளுக்குப் பழைய மடிக்கணினிகளைச் சேர்த்து அனுப்பும் அன்பர்களுக்கும் சில வார்த்தைகள். 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. தனிநபர்களுக்கு ஓராண்டு நீடிப்பு அறிவித்தது. விண்டோஸ் 11, பெரும்பாலும் 2017இன் பிற்பகுதிக்கு முந்திய சில்லுகளை ஏற்பதில்லை. இதனால் ஐரோப்பாவிலும் கனடாவிலும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் காரியாலயங்களிலிருந்து கழிக்கப்பட்டு, அன்பளிப்பாக வன்னி நோக்கி வரும். அவை குப்பையல்ல. பழைய வன்தட்டை எடுத்துவிட்டு மின்னணு வட்டைப் போட்டு, நினைவகத்தை எட்டு கிகாபைற்றாக்கி, லினக்ஸ் மின்ற்டோ உபுண்டுவோ ஏற்றினால் இன்னும் ஐந்தாண்டு பாடம் சொல்லும். இலங்கையின் ரங்கநாதன் விசைப்பலகை முறையும் தமிழ்99உம் லினக்ஸில் செலவின்றிக் கிடைக்கின்றன.

ஆனால் அனுப்பும் முன் விசைப்பலகையைப் பாருங்கள். பிரான்சிலிருந்து வரும் கணினியில் எழுத்துவரிசை வேறு. ஜேர்மனியிலிருந்து வருவதில் இன்னும் வேறு. ஆங்கில எழுத்தே அப்போதுதான் தேடிப் பழகும் மாணவருக்கு, விசையில் ஒன்றும் திரையில் வேறொன்றும் தெரிந்தால் என்ன ஆகும்? சார்ஜர் 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்குமா என்று அதில் எழுதியிருப்பதைப் பாருங்கள்; பெரும்பாலும் ஏற்கும், செருகியை மட்டும் மாற்றவேண்டும். பத்து வகையில் பத்துக் கணினி அனுப்புவதைவிட ஒரே வகையில் பத்து அனுப்புங்கள். அவற்றில் இரண்டு செத்தாலும் அவற்றின் பாகங்கள் மற்ற எட்டையும் காப்பாற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைப் பயிற்றுநர் ஒருவரின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். இலவச இறுவட்டுகளின் கதை மறுபடி நடக்கக்கூடாது.

நான்காவது கேள்வி மீதமிருக்கிறது. உள்ளே இருப்பதை வெளியே எடுக்க முடியுமா?

2008இன் இறுதி மாதங்களில் கிளிநொச்சியை விட்டு மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கி நகர்ந்தபோது, ஒவ்வொரு இடத்திலும் சுமையில் ஒரு பகுதியை விட்டுச் சென்றார்கள். முள்ளிவாய்க்கால் வரை பலரோடு சென்றது பொலித்தீன் பையில் சுற்றிய பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் சில புகைப்படங்களுந்தான். கணினிகள் வழியில் கிடந்தன. இயந்திரத்தின் விலை அப்போது யாருக்கும் நினைவில் இருக்கவில்லை. உள்ளே இருந்த படங்களும் எழுத்துகளும் வேறெங்காவது ஒரு பிரதியாக இருக்கின்றனவா என்பதே வினாவாக இருந்தது.

தப்பிய வட்டுகளுக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. அக்காலத்து எழுத்துகள் பாமினியில், பேஜ்மேக்கர் கோப்புகளில் கிடக்கின்றன. அந்த மென்பொருளின் கடைசி வடிவம் 2001இல் வந்தது. இன்றைய கணினியில் அது எளிதில் ஓடாது. எழுத்துரு இல்லாவிட்டால் பாமினி எழுத்து வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். நல்லவேளையாக அதை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகள் அச்சிட்ட ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்திக் காத்துவருகின்றன. ஆனால் அச்சேறாதவை, வீட்டுக் கணினிகளில் எழுதி வைக்கப்பட்டவை, அவரவர் கையில்தான் இருக்கின்றன.

எனவே எந்த நிறுவனத்தின் கணினியை வாங்கினாலும், எந்த இயங்குதளத்தில் எழுதினாலும், ஒருங்குறியில் எழுதுங்கள். மற்ற இயங்குதளத்திலும் திறக்கக்கூடிய வடிவத்தில் சேமியுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், மற்றது வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருக்கட்டும். ஒட்டுசுட்டான் மாணவிக்கு வாங்கிய வெளிவன்தட்டு விடுதிக்குப் போகவில்லை. அது தாயாரின் அலுமாரியில், சான்றிதழ்கள் இருக்கும் அதே பையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போது பிரதி எடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நான் சொன்ன எல்லாவற்றிலும் அதுவே மிக மலிவானது.